எதை எடுக்கணும், எதை வுடணும்?

கொண்டுவந்த பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு அந்த அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

“சொல்லுங்க. இதுல எதை எடுக்கணும், எதை வுடணும்?”

வந்தவர்களில் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நானும் விழித்திருக்கிறேன். பழைய தோல் பை. வார் அறுந்திருக்கிறது, கறை படிந்திருக்கிறது. தைத்து, துடைத்து, பாலிஷ் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. இதற்குப் போய் யாராவது பேட்டி எடுப்பார்களா? எனக்கு அப்போது பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ரயில்வே கேட் மூடினால் குனிந்து நுழைந்து போகிற ஆள் நான்.

“புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அக்கா பையைத் திருப்பி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். “புதுசு மாதிரி எதுக்குங்க? கடையில புதுசே இருக்குதே.” கோபமெல்லாம் இல்லை. பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று வழி சொல்கிற மாதிரி சொல்வார். வந்தவர்கள் செருப்பைப் போடும்வரை யோசித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, பையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நாங்களும் அந்தத் தெருமுனையில்தான் குடியிருந்தோம். அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் சூளைக்கு நெருப்புப் பார்ப்பவர். நான் இன்னொரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். பீங்கான் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹேண்ட்பேக் அக்கா, அவ்வளவுதான்.

சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் தோல் தைத்தவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் பாண்டிச்சேரி போவார். அங்கே சந்தையில் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன பழைய தோல் பைகள் குவியலாகக் கிடக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, முகத்தையே உள்ளே விட்டு மோந்து பார்த்துத்தான் எடுப்பாராம். சாயங்காலம் கோணிப்பையோடு இறங்கி வருவார், அவற்றைச் சரிசெய்து விற்பார். இப்படி அடுத்தவர்களுக்கு ஹேண்ட்பேக் செய்து கொடுத்தவர் தனக்கென்று வைத்திருந்தது ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று. அதற்கும் காதில் ஒட்டு.

மிஷின் ஒன்றும் கிடையாது. ஒரு குத்தூசி, மெழுகு தடவிய நூல், விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு கிண்ணம், பழைய பனியன் துணி. அப்புறம் ஒரு பீங்கான் ஃப்யூஸ் கட்டை. கரண்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாக இருக்குமே, அதுதான். எஸ்டேட்டில் பழுது என்று தூக்கிப் போட்டதில் ஒன்றை எடுத்துவந்து, அதன் வழவழப்பான முதுகால் தோலின் ஓரத்தைத் தேய்ப்பார். சொரசொரவென்று இருந்த வெட்டு ஓரம் தேய்க்கத் தேய்க்க மினுமினுவென்று ஆகிவிடும். அந்தப் பழுதையெல்லாம் நாங்கள் கூடை கூடையாகப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒன்றைக் குனிந்து எடுக்க ஆம்பூரிலிருந்து ஒருத்தர் வரவேண்டியிருந்தது.

ஒருநாள் ஒரு லேப் டெக்னீஷியன் பெண் வந்தாள். பை வாரின் நுனியில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். “என் பையனுக்குப் பல்லு மொளைக்கறப்ப கடிச்சிட்டான்க்கா. ஆபீசுக்கு எடுத்துட்டுப் போக அசிங்கமா இருக்குது.”

“இப்ப எந்தக் கிளாசு படிக்கறான்?”

“ரெண்டாவது.”

அக்கா வாரை அவள் கையில் கொடுத்து அந்தப் பள்ளங்கள் மேல் அவள் விரலை வைத்தார். “எடுத்துடலாம். ஈரத்துணி வச்சித் தேச்சா பாதி எழும்பிக்கும், மீதிய மெழுகு போட்டு மூடிடுவேன். எடுத்துடவா?”

அவள் விரலை எடுக்கவில்லை. “வார மட்டும் இறுக்கித் தச்சிடுங்கக்கா. இது இருந்துட்டுப் போவட்டும்” என்றாள்.

அதனால் அக்கா எதையும் அழிக்காத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு டீச்சர் வந்தார். பையின் மூடியில் அவர் பெயரும் ஒரு ஆணின் பெயரும் சேர்த்துச் சூடு வைத்து அழுத்தியிருந்தது. “எதை வுடணும்?” என்றார் அக்கா. “எம் பேர மட்டும்” என்றார் டீச்சர். அதற்கு மேல் அவர் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை. மூன்று நாள் அந்த ஒரு பெயரோடு மல்லுக்கட்டினார். முடிந்த பிறகு நான் பையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், நகத்தால் தடவியும் பார்த்தேன். ம்ஹூம், அந்த ஆளின் ஒரு எழுத்து, ஒரு புள்ளி கிடையாது. டீச்சரின் பெயர் மட்டும் முதல்நாள் போட்டது போல் நின்றது. அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இவ்வளவு சொல்கிறேனே, அந்த வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. எங்கள் தெருவில் யாருமே குடித்ததில்லை. கேட்டால் தோல் நாற்றம் என்பார்கள். தோல் தொடுகிறவர்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதுதான் உண்மைக் காரணம். அது எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயால் சொல்லமாட்டோம். எங்கள் அத்தை, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, கருவேப்பிலங்குறிச்சியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நான் அக்கா வீட்டுப் பக்கமிருந்து வந்தால் “காலக் கழுவிட்டு உள்ள வா” என்பார். நானும் கழுவுவேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எனக்கு ஒரு நாத்தனார் இருந்தாள். பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் சம்பளத்தில் தனக்கென்று அவள் வாங்கியது தேன் நிறத்தில் ஒரு தோல் ஹேண்ட்பேக். அதில்லாமல் அவளைப் பார்க்கவே முடியாது. காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் போய்விட்டாள். இருபத்தாறு வயசு. அவளோடு அந்தப் பையும் திரும்பி வந்தது. அத்தை அதை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். தொடாதே என்று யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு வருஷம் அப்படியே இருந்தது. அதைத்தான் நான் எடுத்தேன்.

கூட வேலை செய்த பெண்ணுக்கு வேப்பூரில் கல்யாணம். எல்லோரும் தோளில் ஒன்றை மாட்டிக்கொண்டு வருவார்கள், நான் மட்டும் பிளாஸ்டிக் கவரோடு நிற்பதா என்று ஒரு வீம்பு. அத்தை பிறந்த ஊருக்குப் போயிருந்தார். சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். ஒரு நாள்தானே, வந்ததும் வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி மழை. திரும்பும்போது பஸ் ஹைவேயிலேயே படுத்துவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் கொட்டுகிற மழையில் நின்றோம். வீட்டுக்கு வந்து பையைத் தூக்கினால் தண்ணீர் சொட்டுகிறது. மறுநாள் சாயங்காலம் அத்தை வந்துவிடுவார்.

அடுத்து நான் செய்தது எங்கள் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் செய்திருக்கக்கூடியது. எஸ்டேட்டில் மழைக்காலத்தில் எது நனைந்தாலும் சூளையின் முதுகில்தான் காயவைப்போம். முந்தின நாள் சுட்டு ஆறிக்கொண்டிருக்கும் சூளையின் மேல் செங்கல் கதகதவென்று இருக்கும். பிள்ளைகளின் யூனிபாரம், ஈர அரிசி, வடாம் எல்லாம் அங்கேதான் காயும். ஒருத்தர் ரேஷன் கார்டையே காயவைத்து எடுத்தார். பையையும் வைத்தேன். வைத்துவிட்டு நிம்மதியாகப் பொம்மை சுற்றப் போனேன்.

சாப்பாட்டு மணிக்கு ஏறிப் பார்த்தால் பையின் அடிப்பக்கம் சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. அழுத்தினால் நொறுங்குகிறது. மேல்பக்கம் பலகையாக விறைத்துவிட்டது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

“என் பைதான்க்கா. மழையில நனைஞ்சிடுச்சு.”

அக்கா உடனே வாங்கவில்லை. “தோள்ல மாட்டு, பாக்கலாம்.”

மாட்டினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை வாங்கிக் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். கைப்பிடியின் ஒரு பக்கம் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது. “நீ வலது தோள்ல மாட்டுற. இது எடதுகைக்காரி பையி. வருசக்கணக்கா அவ கை வேர்வைய குடிச்சிருக்குது. உன்னுது இல்ல.”

பிடிபட்டால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். “யாருதா இருந்தா என்னக்கா? உங்களால முடியுமா, முடியாதா?”

“முடியும். பையிக்காரங்கள வரச் சொல்லு.”

“அவ செத்துட்டா!” என்று கத்தினேன். கத்திய பிறகு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார், பீரோ, சாவி, சூளை எல்லாம். “எங்க அத்தை வர்றதுக்குள்ள எப்படியாவது முன்ன மாதிரி ஆக்கிடுங்கக்கா. அவங்களுக்குத் தெரிஞ்சா செத்துடுவாங்க. உங்க கால்ல விழறேன்.”

அக்கா பையைத் திறந்து முகத்தை உள்ளே விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் தலையை எடுத்தார். ஜிப்பை மெல்ல மூடினார்.

“ஆக்கலாம். ஆனா அதுல நான் எதை அழிச்சிடுவேன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. உங்க அத்தைக்குத்தான் தெரியும். அவங்கதான் சொல்லணும்.”

“நான்தான் சொல்றேனேக்கா...”

“உன்ன நான் கேக்கல” என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. பையை மறுபடி துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். “நெழல்ல வை. வெயிலு, அடுப்பு, சூளை எதுவும் ஆகாது. எண்ணெ தடவாத. முக்கியமா ஜிப்ப தொறக்காத.”

அன்று சாயங்காலம் அத்தை வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் துண்டை அவிழ்த்து முன்னால் வைத்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அத்தை அடிப்பார், ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அக்கா சொன்னதைச் சொன்னபோது மட்டும் திரும்பிப் பார்த்தார்.

“அந்த வூட்டுக்கா? நானா?”

மூன்றாம் நாள் காலையில் தலைவாரிக் கொண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். “கெளம்புடி” என்றார்.

அக்கா வீட்டு வாசலுக்கு வெளியிலேயே அத்தை நின்றுவிட்டார். முந்தானை மூக்கில் இருந்தது. அக்கா உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. வாசற்படிக்கு உள்பக்கம் கோணியை விரித்து உட்கார்ந்து, கையை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“சொல்லுங்க பெரியம்மா. எதை எடுக்கணும், எதை வுடணும்?”

“என்னாத்த எடுக்கறது, என்னாத்த வுடறது? அதான் எரிச்சிப்புட்டாளே.”

அக்கா அவசரப்படவில்லை. “கைப்பிடி கறுத்திருக்குதே?”

“அத்தத் தொடாத. அது எம் பொண்ணு கை.”

“உள்ள பேனா மை கொட்டியிருக்குது.”

“இருக்கட்டும்.”

“முன்னாடி ஒரு கீறல் இருக்குது.”

“அது என்னான்னு தெரியல, எடுத்துடு” என்ற அத்தை, உடனே, “வேணாம், வேணாம், வுடு” என்றார்.

அக்கா உள்ஜிப்பின் மேல் விரலை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வாசன?”

அத்தையின் முந்தானை மூக்கிலிருந்து இறங்கியது. “என்னா கேட்ட?”

“உள்ஜிப்புக்குள்ள தண்ணி எறங்கல, வாசன இன்னும் இருக்குது பெரியம்மா. பவுடரும் ஆஸ்பத்திரி சோப்பும். நான் உள்ள எண்ணெ வச்சாலோ, சொல்யூஷன் போட்டு ஒட்டுனாலோ அது போயிடும். அதான் கேக்கறேன். எடுக்கவா, வுடவா?”

அத்தை படியைத் தாண்டினார். அக்காவுக்கு எதிரில் கோணியிலேயே உட்கார்ந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இருக்குதா? நெசமாவா சொல்ற? போயிருக்கும்னு பயந்துகிட்டு நான் தொறந்தே பாக்கலம்மா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தல முழுவிட்டு பீரோவத் தொறந்து மோந்து பாப்பேன். அந்த ஜிப்புலதான் அவ இருந்தா. எம் மவனுக்குக் கூடத் தெரியாது. பைத்தியம்னு சொல்லிடுவானுங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.”

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அடுப்பில் சமைக்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் அந்த அறைக் கதவு சாத்தியிருக்கும், சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன். சூளை மேல் நான் எதை வைத்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். என்னை யாரும் தேற்றவில்லை, தேற்றியிருக்கவும் கூடாது.

அழுகை ஓய்ந்த பிறகு அக்கா பையைக் கவிழ்த்தார். “அடிப்பக்கம் பொழைக்காது பெரியம்மா. வெந்த தோலு திரும்பாது. வெட்டிட்டு வேற தோலுதான் வைக்கணும். சேத்தது தெரியாத மாதிரியும் வைக்கலாம், தெரியற மாதிரியும் வைக்கலாம். எப்படி வைக்கட்டும்?”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“தெரியட்டும்” என்றார்.

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் நான் செய்த காரியம் தெரியவேண்டும் என்கிறார். அது நியாயம்தான். ஆனால் எனக்கு ஆத்திரமும் வந்தது, பொய் சொல்லக்கூடாது.

அந்த வேலை நாற்பது நாள் நடந்தது. வேலை விட்டு வரும்போது தினம் எட்டிப் பார்ப்பேன். உள்ஜிப்பைச் சுற்றி வெள்ளைத் துணி வைத்து நூலால் கட்டி அடைத்திருந்தார். அதற்குள் காற்றுகூட அதிகம் போகக்கூடாதாம். வெளிப்பக்கம் மட்டும் ஒரு நாளைக்கு ஒருமுறை, விரல் நுனியில் எடுத்த எண்ணெய், அவ்வளவுதான். பலகையாக இருந்த தோல் பத்து நாளில் அட்டையாகி, இருபது நாளில் துணி மாதிரி மடங்க ஆரம்பித்தது. சொல்யூஷன் போடக்கூடாது, ஆகவே ஒட்டே இல்லை, தையல் மட்டும்தான். தோலில் ஒருமுறை ஊசி போன ஓட்டை மூடாதாம், பக்கத்தில் இன்னொன்று குத்தினால் கிழிந்துவிடுமாம். அதனால் கம்பெனி மிஷின் என்றைக்கோ போட்ட அதே ஓட்டைகளில், ஒன்றுவிடாமல், கையால் நூலைக் கோத்துக்கொண்டு போனார். நூற்றுக்கணக்கில் ஓட்டைகள். நான் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரயில்வே கேட்டுக்குக் குனிகிற நான்!

ஒருநாள் போனபோது அத்தை எனக்கு முன்னால் வந்து அங்கே உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து வந்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, அவித்து எடுத்துவந்து உரித்து உரித்து அக்காவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அத்தையின் காலடியில் டீ குடித்து முடித்த டம்ளர் ஒன்று. என்னைப் பார்த்ததும், “என்னாடி பாக்குற? உனக்கும் ஒரு டம்ளர் வேணும்னா கேட்டு வாங்கிக் குடி” என்றார். கேட்டேன். இஞ்சி தட்டிப்போட்ட டீ.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் அக்காவின் வீட்டுக்காரர் வேலை பார்த்த சூளையை மூடிவிட்டதால் அவர்கள் இருவரும் ஆம்பூர்ப் பக்கமே போய்விட்டார்கள். போன இடம் தெரியாது. அதற்குப் பிறகு பை தைப்பவர்கள், செருப்புத் தைப்பவர்கள், பெரிய ஊர்களில் ஏசி போட்ட கடைகள் என்று நிறையப் பார்த்துவிட்டேன். எவ்வளவு நாளாகும் என்று சொல்கிறார்கள். எதை விடணும் என்று இதுவரை ஒருத்தர் கேட்டதில்லை.

பை தயாரான நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மார்கழி பிறந்திருந்தது. அக்கா பையைத் துடைத்து அத்தையின் மடியில் வைத்தார். தேன் நிறம் பழையபடி இருந்தது. கைப்பிடியில் அந்தக் கறுப்பு, முன்னால் அந்தக் கீறல், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அடிப்பக்கம் மட்டும் நல்ல காப்பிக்கொட்டை நிறம். இரண்டு தோலும் சேரும் இடத்தில் வெள்ளை நூல் தையல் கோடு போட்ட மாதிரி ஓடியது. மறைக்கவில்லை, ஆனால் அவ்வளவு அழகு.

அத்தை உள்ஜிப்பைத் திறந்து முகத்தை வைத்தார். முகத்தை எடுத்தபோது கண் நிறைந்திருந்தது. “இருக்குது” என்றார். ஜிப்பை மூடினார். மூடிவிட்டு, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காமல், பையை என் மடியில் தூக்கி வைத்தார்.

“மேல அவளுது. அடி உன்னுது. அதுக்குத்தான் தெரியட்டும்னு சொன்னேன். நீயும் இந்த வூட்டுப் பொண்ணுதான், கவரு தூக்கிகிட்டு ஏன் போவணும்? எடுத்துகிட்டுப் போ. வெள்ளிக்கெழம மட்டும் எங்கிட்ட குடுத்துடு.”

அக்கா என் பக்கம் திரும்பினார். என் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“இப்ப உன்னக் கேக்கறேன், சொல்லு” என்றார். “எதை எடுக்கணும், எதை வுடணும்?”

“ஒண்ணும் எடுக்காதீங்கக்கா” என்றேன்.

அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, ஃப்யூஸ் கட்டையை எடுத்து அடியில் என் பங்குத் தோலின் ஓரத்தை இன்னும் ஒருமுறை தேய்த்துக் கொடுத்தார்.